யோசனை கண்ணுக்குத் தெரியும் வயது

கேள்வி கேட்டவர் இத்தனை நாளும் மேல் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவர். இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் கொடுத்திருக்கிறார்கள். "தொண்டைத் தண்ணி வற்றிவிடும், மூக்குத் துடைப்பதும் சண்டை தீர்ப்பதுமாகவே பொழுது போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தினம் தினம் சந்தோஷப்பட அங்கே என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

பயமுறுத்துகிறவர்கள் பொய் சொல்லவில்லை. 22 ஆண்டுகளாக நான் இந்தச் சின்ன வகுப்புகளில்தான் இருக்கிறேன். சாயங்காலம் ஆனால் குரல் கம்மிவிடும். ஒரே நாளில் பதினைந்து தடவை ஷூ கயிறு கட்டிவிட்டிருக்கிறேன். ஆனாலும் மேல் வகுப்புக்குப் போகிறீர்களா என்று இரண்டு முறை கேட்டார்கள், இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஐந்து வயதிலிருந்து ஏழு வயது வரைக்கும் பிள்ளைகள் யோசிப்பது கண்ணுக்குத் தெரியும். உதடு அசையும், விரல் மடங்கும், புருவம் ஏறி இறங்கும், முணுமுணுப்பு காதில் விழும். வளர வளர இதெல்லாம் உள்ளே போய்விடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்று விடைத்தாள் கைக்கு வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும்போது நீங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். என் சந்தோஷம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

முதலில் வாசிப்பு. எழுத்து தெரிவது வேறு, எழுத்துக்கூட்டத் தெரிவது வேறு. தமிழில் 247 எழுத்து என்றால் மலைப்பாக இருக்கும். ஆனால் காலும் கொம்பும் சுழியும் பிடிபட்டுவிட்டால் பிள்ளைகள் சரசரவென்று முன்னேறிவிடுவார்கள். மாட்டிக்கொள்கிற இடம் அதற்கு அடுத்தது. 'க', 'த', 'வு' என்று மூன்று எழுத்தையும் சரியாகச் சொல்லிவிடும் பிள்ளை, "சேர்த்துச் சொல்லு, என்ன வார்த்தை?" என்றால் திருதிருவென்று விழிக்கும். மூன்று ஓசையும் தனித்தனியாக நிற்கின்றன, ஒட்டவில்லை. சிலருக்கு இரண்டு வாரத்தில் ஒட்டிவிடும். சிலருக்கு மாதக்கணக்காகும். அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

அப்படி நான்கு மாதம் ஆன ஒரு பையனைச் சொல்கிறேன். அன்றைக்கும் வழக்கம்போல எழுத்துக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, "க... த... வு" என்றான். மறுபடியும், "க... தவு." அங்கே நிறுத்தினான். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் மூச்சுக்கூட விடவில்லை. மெதுவாகத் திரும்பி வகுப்பறைக் கதவைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். திரும்பவும் கதவைப் பார்த்தான். "டீச்சர், கதவு!" என்று கத்தினான், யாரோ வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று சொல்கிற மாதிரி. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் நிஜமாகவே யார் வந்தது என்று எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த ஒரு வாரம் அவன் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தான். பீரோவில் ஒட்டியிருந்த சீட்டு, சாக்பீஸ் டப்பா, பக்கத்துப் பையனின் நோட்டு அட்டை. அத்தனை நாளும் அவனைச் சுற்றிச் சும்மா கிடந்த கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டன. வாசிக்கத் தெரிந்துவிட்டால், கண்ணில் பட்ட எழுத்தை வாசிக்காமல் இருக்க யாராலும் முடியாது. அந்தக் கதவு திறந்த கிழமை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. செவ்வாய்.

எண்களில் கிடைப்பது வேறு மாதிரி. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் என்ன என்று கேட்டால் வகுப்பில் நாலைந்து பேராவது "எண்பத்துப் பத்து!" என்பார்கள். பதினொன்றுக்கு அப்புறம் "பதினிரண்டு" என்று சொல்கிற பிள்ளையும் உண்டு. இந்தச் சொற்களை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, வேறெங்கும் காதில் விழுந்திருக்கவும் வழியில்லை. கேட்ட எண்களிலிருந்து விதியைத் தாங்களே கண்டுபிடித்து, அந்த விதிப்படி புதுச் சொல்லைச் செய்திருக்கிறார்கள். பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு என்று வரும்போது நடுவில் இருப்பது பதினிரண்டாகத்தானே இருக்க வேண்டும்? விதியை மீறியது பன்னிரண்டு, பிள்ளை இல்லை. இந்த மாதிரித் தப்பு காதில் விழுந்தால் நான் உடனே திருத்துவதில்லை. "அட, சரியாத்தான் யோசிச்சிருக்க. ஆனா அதுக்குப் பேரு வேற வெச்சுட்டாங்க" என்பேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இதையும் தாண்டிப் போனாள். நூறு வரைக்கும் எழுதிக்கொண்டிருந்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், நூறு இன்னும் வரவே இல்லையே. தொண்ணூறுக்குள்ள எப்படி நூறு வந்துச்சு?" என்றாள். நான் கரும்பலகையில் இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரைக்கும் எழுதினேன். எல்லாவற்றிலும் 'பது' இருக்கிறது. அடுத்து ஒன்பது என்று வந்தால் வரிசைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் ஒன்பது ஏற்கெனவே 9-க்குப் பேராகிவிட்டது. 90-க்குத் தொண்ணூறு என்று நூறு வந்து உட்கார்ந்திருக்கிறது, 900-க்குத் தொள்ளாயிரம் என்று ஆயிரம். இந்த இரண்டு சொல்லும் எப்படி அமைகின்றன என்று தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் தனியாகவே விதி உண்டு. பெரிய இலக்கணக்காரர்கள் நின்று கவனித்த இடத்தில் ஏழு வயதுப் பெண் தானாக வந்து நின்றிருக்கிறாள்! இதையெல்லாம் அவளிடம் சொல்ல முடியாது. "ஒன்பதுக்கு ரொம்பப் பழைய காலத்துல தொண்டுன்னு ஒரு பேரு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். அன்று முழுக்க அவள், "ஏழு, எட்டு, தொண்டு, பத்து" என்று எண்ணிக்கொண்டு திரிந்தாள். மறுநாள் பாதி வகுப்பு அப்படித்தான் எண்ணியது.

ஆண்டு தொடங்கிய முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒன்று செய்வேன். நீங்களும் செய்து பாருங்கள். ஏழு நீலப் பொத்தான்களை ஒரு வரிசையாகவும், ஏழு சிவப்புப் பொத்தான்களை நேர் கீழே இன்னொரு வரிசையாகவும் வைக்க வேண்டும். "ரெண்டுலயும் ஒரே அளவு இருக்கா?" என்றால், இருக்கிறது என்று பிள்ளை சொல்லும். அப்புறம் அதன் கண்ணெதிரிலேயே சிவப்பு வரிசையை இழுத்து நீளமாக்கிவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகளில் நிறையப் பேர் "சிவப்புலதான் நிறைய" என்பார்கள். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயும் அவருடன் பணிபுரிந்த அலினா ஷெமின்ஸ்காவும் எண்ணைப் பற்றி எழுதி 1941-ல் வெளியிட்ட நூல் வழியாகப் பிரபலமான சோதனை இது. நூலில் படித்திருந்தாலும் நேரில் முதல் தடவை பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. ஒரு பெண், இரண்டு வரிசையையும் எண்ணினாள். ஏழு, ஏழு. எண்ணி முடித்துவிட்டு, "இதுலயும் ஏழு, அதுலயும் ஏழு. ஆனா சிவப்புலதான் நிறைய" என்றாள். அவளுக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அதே பெண், அதே பொத்தான்கள். நான் வரிசையை இழுத்து முடிக்கும் முன்பே அவள் முகம் மாறிவிட்டது. என்மேல் கொஞ்சம் இரக்கப்பட்ட மாதிரி பார்த்தாள். "நீங்க தள்ளித்தானே வெச்சீங்க? வேற போடலையே" என்றாள். எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. இந்த எட்டு மாதத்தில் இதை அவளுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. விளையாடி, பங்கு போட்டு, அடுக்கி, கலைத்து, எப்போதோ ஒரு நாள் அது அவளுக்குள் உறுதியாகிவிட்டது. முதலில் என்ன சொன்னாய் தெரியுமா என்று கேட்டேன். "நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது. மாறியதைப் பார்த்த ஒரே ஆள் நான்.

இந்தச் சோதனைக்கு ஒரு பின்கதை உண்டு, ஆசிரியர்களுக்கு அது ரொம்ப முக்கியம். 1970-களில் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்து பார்த்தார்கள். பெரியவர் வரிசையைக் கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். அப்போது முன்பைவிட நிறையப் பிள்ளைகள் சரியான பதில் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், பதிலும் மாற வேண்டும்போல என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. இதைப் படித்த பிறகு நான் என் வாயைக் கவனிக்க ஆரம்பித்தேன். சரியாகச் சொன்ன பிள்ளையிடம் "நிஜமாவா? இன்னொரு தடவை சொல்லு" என்று நாம் எத்தனை முறை கேட்கிறோம்! பாதிப் பேர் பதிலை மாற்றிவிடுவார்கள். அது தெரியாததால் இல்லை, நம் முகத்தைப் படித்ததால். இப்போதெல்லாம், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றுதான் கேட்கிறேன். அதற்கு வருகிற பதில்களை எழுதிவைக்க ஒரு தனி நோட்டே போட்டிருக்கிறேன்.

முணுமுணுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நான் தவறு செய்திருக்கிறேன். முதல் ஆண்டு, எழுதும் நேரத்தில் வகுப்பு முழுக்க வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். "வாயை மூடிட்டு எழுதுங்க" என்று அதட்டுவேன். சத்தம் நிற்கும், கையும் நின்றுவிடும். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) இதை விளக்கியிருக்கிறார். பிள்ளை தனக்குத்தானே பேசிக்கொள்வது அரட்டை இல்லை, தன் கையைத் தானே வழிநடத்துகிற பேச்சு. வயது ஏற ஏற அது அழிந்துபோவதில்லை, உள்ளே இறங்கி மௌன யோசனையாகிவிடுகிறது. அதட்டும்போது நான் அடைத்தது அவர்கள் வாயை மட்டும் இல்லை. இப்போது எழுதும் நேரத்தில் மெதுவாக நடுவில் நடந்து போவேன், கேட்டுக்கொண்டே. "மேல போ, வளை, கீழ இறக்கு, ஐயோ ரொம்ப இறங்கிடுச்சு, பரவாயில்ல." இந்தப் 'பரவாயில்ல'யைப் பல பிள்ளைகள் அப்படியே என் குரலில் சொல்வார்கள். நான் எப்போதோ சொன்னதை அவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள். அதட்டலும் அப்படித்தான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தால், அந்த முதல் ஆண்டுப் பிள்ளைகளை நினைத்து மனசு சங்கடப்படும்.

அப்புறம் இடவலம் மாறிய எழுத்துகள். 'ப'வை இடவலமாகத் திருப்பினாலும் 'ப'தான், அதில் சிக்கல் இல்லை. 'ட', 3, 7 இவைதான் முகம் திருப்பிக்கொள்ளும். ஏழு வயது வரைக்கும் இது மிகச் சாதாரணம், பெற்றோர் பதறினால் தைரியம் சொல்லுங்கள். பிள்ளையின் பக்கம் நின்று யோசித்தால் காரணம் புரியும். பிறந்ததிலிருந்து அது பார்த்த எந்தப் பொருளுக்கும் திசை முக்கியமில்லை. நாற்காலி இந்தப் பக்கம் பார்த்தாலும் நாற்காலிதான், அந்தப் பக்கம் பார்த்தாலும் நாற்காலிதான். திரும்பினால் வேறாகிவிடுகிற பொருளைப் பிள்ளை முதன்முதலாகச் சந்திப்பது எழுத்தில்தான். ஒரு பையன் தன் பெயர் முழுவதையும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, ஒவ்வொரு எழுத்தையும் திருப்பி, ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தான். நான் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினேன். உள்ளே பெயர் நேராகத் தெரிந்தது. வகுப்பே ஓடிவந்துவிட்டது, எல்லோரும் தங்கள் பெயரைக் கண்ணாடியில் படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று. பெரியவர்கள் முயன்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

சின்னச் சின்னதாக வருகிற சந்தோஷங்களுக்குக் கணக்கே இல்லை. "நாளைக்கு நான் கீழ விழுந்துட்டேன்" என்று நேற்றையும் நாளையையும் மாற்றிச் சொல்வது. டீச்சர் என்பதற்குப் பதில் அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வது. ஆறு வயதில் முன்பற்கள் விழ ஆரம்பிக்கும்போது, பாடத்தின் நடுவில் ஒரு கை நீண்டு, உள்ளங்கையில் அரிசி அளவு பல். இருபது பால் பற்களில் முதலாவது. அதைத் தாளில் மடித்து, பெயர் எழுதிக் கொடுத்தால்தான் மீதிப் பாடம் நடக்கும். விழுந்த பிறகு அந்தப் பிள்ளையின் 'ச' கொஞ்ச நாளைக்குக் காற்றாகவே வரும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். இதில் எதற்கும் பிள்ளையின் முன்னால் சிரித்துவிடாதீர்கள், அது மட்டும் வேண்டிக்கொள்கிறேன். அவர்களுக்கு அது வேடிக்கை இல்லை.

மேல் வகுப்பிலிருந்து வருகிற உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது காத்திருப்பதுதான். கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவுதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கண்டுபிடித்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது சொல்வதற்குக் கொஞ்சம், நின்று பார்த்தால் யுகம். மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்கப் பழகுங்கள்.

ஒரு ஆண்டு, வகுப்பில் பேசவே பேசாத ஒரு பெண் இருந்தாள். வீட்டில் நன்றாகப் பேசுவாளாம். இங்கே தலையாட்டல் மட்டும்தான். நான் வற்புறுத்தவில்லை. தினமும் மற்றவர்களிடம் கேட்பதுபோல அவளிடமும் ஒரு கேள்வி கேட்பேன், மூன்று வரை எண்ணுவேன், தலையாட்டினால் சரி என்று அடுத்த பிள்ளைக்குப் போவேன். பதினோராவது வாரம் நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல், "டீச்சர், உங்க சாக்பீஸ் உடையப்போகுது." யார் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள். கைதட்டிவிடலாமா என்று தோன்றியது. தட்டியிருந்தால் திரும்ப மூடிக்கொண்டிருப்பாள். "ஆமாம்ல, நல்ல வேளை சொன்ன" என்று வேறு சாக்பீஸ் எடுத்துக்கொண்டேன். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டதால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

சந்தோஷமே இல்லாத நாளும் வரும். வீட்டில் ஏதோ நடந்து, சாப்பிடாமல் வந்து, யாரைப் பார்த்தாலும் அடிக்கிற பிள்ளை இருக்கும். ஆண்டு முழுக்க முயன்றும் எழுத்துக்கூட்ட வராமல் அடுத்த வகுப்புக்குப் போகிற பிள்ளை இருக்கும். மழை நாளில் வெளியே விட முடியாமல் எல்லோரும் உள்ளேயே கிடந்தால் மதியத்துக்குள் உங்களுக்குத் தலை சுற்றும். அந்த நாட்களில் நான் எதையும் தேடுவதில்லை. வகுப்பு முடிந்ததும் நோட்டில் அன்றைக்கு யாராவது ஒரு பிள்ளை சொன்ன ஒரு வரியைத் தேதி போட்டு எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவேன். எழுத எதுவும் கிடைக்காத நாள் இதுவரை மிகக் குறைவு. நீங்களும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள், ஒரு வாரம் கழித்து நினைவுபடுத்திப் பார்த்தால் வராது. அவர்கள் சொன்ன விதம்தான் விஷயமே, அது முதலில் மறந்துபோகும்.

கடைசியாக இன்னொன்று. இரண்டாம் வகுப்பு முடிகிற சமயத்தில், சத்தம் போட்டு வாசித்த பிள்ளை முணுமுணுப்புக்கு வரும், முணுமுணுப்பு வெறும் உதட்டசைவாகும், அப்புறம் உதடும் நின்றுவிடும். தொண்டு என்று எண்ணித் திரிந்த அந்தப் பெண்ணுக்கு அது நடந்ததைப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். விரல் வரியின் அடியில் இல்லை. உதடு அசையவில்லை. கண் மட்டும் இடமும் வலமுமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டாக அவள் தலைக்குள் நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, இப்போது எதுவும் கேட்கவில்லை. ஒரு இடத்தில் அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். பக்கத்தில் போய், "என்ன வந்துச்சு கதைல?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.